ரிப்பேருக்குப் பிறகு நின்ற கார்

ஓடாத பழைய கார் விற்பவர்கள் எல்லோரிடமும் ஒரு வாக்கியம் தயாராக இருக்கும்: "நிறுத்தும்போது நன்றாகத்தான் ஓடியது." இதைப் பொய் என்றும் சொல்ல முடியாது. எந்தக் காரும் நிற்கிற வரைக்கும் ஓடத்தான் செய்யும். எனக்குத் தன் 1986 போர்ஷே 944-ஐ விற்ற பெரியவர் மட்டும் அதைச் சொல்லவில்லை. "மூன்று பேரிடம் காட்டிவிட்டேன் தம்பி, ஒருத்தராலும் ஸ்டார்ட் செய்ய முடியவில்லை" என்றார். சொல்லிவிட்டு, எட்டு வருடமாக நகராத காரின் மேல் கிடந்த தார்ப்பாயை உருவினார்.

சிவப்பு நிறம். கூரையில் வண்ணம் வெளுத்து, தேய்ந்த சுண்ணாம்பு போல இருந்தது. டாஷ்போர்டில் மூன்று நீளமான வெடிப்புகள். வெயிலில் நின்ற 944-இல் வெடிக்காத டாஷ்போர்டைப் பார்ப்பது அபூர்வம். அதற்காகப் பேரம் பேசுவது வீண். நான்கு டயர்களும் சப்பையாகி, ரிம்கள் தரையைத் தொட்டுக்கொண்டு நின்றன. எனக்கு அப்போதே ஆசை வந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வாங்கப் போகிறவன் முகத்தில் ஆசை தெரியக்கூடாது என்பார்கள். என் முகத்துக்கு அந்தப் பயிற்சி கிடையாது.

இதற்கு முன்பும் ஓடாத கார் ஒன்றை வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவன் நான். அந்தக் காரைப் பார்க்கப் போனபோதே பாட்டரியையும் கேபிளையும் எடுத்துக்கொண்டு போனேன். விற்றவர் வீட்டு வாசலிலேயே இணைத்துச் சாவியைத் திருப்பினேன். இரண்டு சுற்று கனமாகச் சுற்றியது. பிறகு 'டக்' என்று ஓர் ஒலி. அதன்பின் ஸ்டார்ட்டர் மோட்டார் எடையே இல்லாததுபோல லேசாகச் சுழன்றது. அந்த லேசான சத்தத்தை இன்னும் மறக்கவில்லை. வால்வுகளைப் பிஸ்டன்களோடு தாளம் தப்பாமல் ஓடவைக்கும் டைமிங் பெல்ட் காய்ந்து கிடந்திருக்கிறது. அதன் பற்கள் உதிர்ந்து, திறந்திருந்த வால்வுகளின் மேல் பிஸ்டன்கள் மோதி வளைத்துவிட்டன. அதுவரை சின்னக் கோளாறோடு நின்றிருந்த என்ஜினுக்குப் பெரிய கோளாறைக் கொடுத்தவன் நானே. கெடுத்தது நானாக இருந்ததால் வாங்கவும் வேண்டியதாயிற்று.

944-இன் என்ஜினும் அந்த வகைதான். பெல்ட் அறுந்தால் பிஸ்டனும் வால்வும் சந்தித்துக்கொள்ளும். எல்லா என்ஜினும் அப்படி இல்லை. 1989-இல் வந்த முதல் மாஸ்டா எம்எக்ஸ்-5-இன் 1.6 லிட்டர் என்ஜினில் பெல்ட் அறுந்தால் கார் நின்றுவிடும், அவ்வளவுதான். வேறு பெல்ட் போட்டால் கிளம்பிவிடும். எனவே ஓடாத காரைப் பார்க்கப் போகும் முன் அந்த என்ஜின் எந்த ஜாதி என்று தெரிந்துகொண்டு போவது நல்லது. தெரியாவிட்டால் சாவியைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கலாம்.

இந்த முறை ஸ்டார்ட்டர் பக்கம் போகவே இல்லை. பெரியவரிடம் அனுமதி கேட்டு, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினேன். நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு அரைமணி நேரம் காத்திருந்தேன். பிறகு கிராங்க் போல்ட்டில் 24 மி.மீ. சாக்கெட்டை மாட்டி, நீளக் கைப்பிடியால் கடிகாரச் சுற்றில் மெதுவாக இழுத்தேன். முதலில் அசையவில்லை. இரும்பும் அலுமினியமும் எட்டு வருடம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தால் விடுபட நேரம் எடுக்கத்தானே செய்யும். உடம்பின் எடையைச் சாய்த்தபோது, வெண்ணெயில் கத்தி இறங்குவது போல மெல்ல நகர்ந்தது. இரண்டு முழுச் சுற்று. எங்கும் முட்டவில்லை, உரசவில்லை. செல்போனில் இணைக்கிற சின்னக் கேமராவைப் பிளக் துளை வழியாக இறக்கிச் சிலிண்டர் சுவரைப் பார்த்தேன். இந்த என்ஜினில் இரும்பு உறை கிடையாது. சிலிக்கான் கலந்த அலுமினியமே சிலிண்டர் சுவர். அதில் ஆழமான கீறல் விழுந்திருந்தால் சாதாரணப் பட்டறையில் தேய்த்துச் சரிசெய்ய முடியாது. கீறல் இல்லை. நான் ஆசையை மறைக்க முயன்று தோற்றது அப்போதுதான் இரண்டாவது முறை.

துரு விஷயத்தில் 944 வாங்குபவன் கொஞ்சம் நிம்மதியாக இருக்கலாம், உடல் முழுக்கத் துத்தநாகம் பூசிய எஃகு. பாட்டரித் தட்டு மட்டும் விதிவிலக்கு. பாட்டரியிலிருந்து சிந்தும் அமிலம் தட்டை அரித்துத் துளை போட்டுவிடும், மழைத் தண்ணீர் அதன் வழியாகக் காருக்குள் இறங்கும். காலடிக் கம்பளத்தைத் தூக்கி மோந்து பார்த்தால் தெரிந்துவிடும். என்னுடையதில் பூஞ்சை வாடை அடித்தது. துளை ஒரு நாணயம் அகலத்துக்கு இருந்தது. ஒட்டுப் போட்டுவிடலாம்.

பேரம் பற்றி நீட்டப் போவதில்லை. ஓடாத காருக்கு என்னிடம் ஒரே கணக்குதான்: என்ஜின் பழைய இரும்புக்குப் போகிற நிலையில் இருந்தால் எவ்வளவு கொடுப்பேனோ அவ்வளவுதான் கொடுப்பேன். நல்ல நிலையில் இருந்தால் அது என் அதிர்ஷ்டம். அந்த அதிர்ஷ்டத்துக்கு விற்பவர் முன்கூட்டியே விலை கேட்டால் எழுந்து வந்துவிடுவேன். இது தானமாக வந்த மாடு அல்ல, பல்லைப் பிடித்துப் பார்க்கலாம். சேஸிஸ் எண்ணும் ஆவணத்தில் உள்ள எண்ணும் ஒன்றுதானா, காரின் மேல் கடன் ஏதும் நிற்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிட வேண்டும். ஓடாத என்ஜினைச் சரிசெய்யலாம், இல்லாத ஆவணத்தை ஸ்பானரால் சரிசெய்ய முடியாது.

காரை ஏற்றும்போது இடது பின்சக்கரம் சுழல மறுத்தது. வின்ச் இழுக்க இழுக்க டயர் தரையில் கோடு போட்டது. பிரேக்கின் காற்று நீக்கும் திருகைத் திறந்ததும் அழுக்குத் திரவம் சர்ரென்று பீய்ச்சியடித்து, சக்கரம் கொஞ்சம் இளகியது. பழைய பிரேக் ரப்பர் குழாய் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கியிருக்கும். மிதித்த அழுத்தம் போகும், திரும்பி வராது. கதவைத் தாழிட்டுவிட்டுச் சாவியைத் தொலைத்ததுபோல.

கிளம்பும்போது பெரியவர் ஒரு தடித்த கோப்பைக் கொடுத்தார். முப்பது வருட ரசீதுகள். அதை முன் இருக்கையில் போட்டுவிட்டு மறந்துவிட்டேன். அந்தக் கோப்பைக் காரைப் பார்ப்பதற்கு முன்னாலேயே படித்திருக்க வேண்டும்.

ஒரு வாரம் கழித்துத்தான் பிரித்தேன். சர்வீஸ் ரசீதுகள், டயர் ரசீதுகள் என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வரிசை கடைசி நான்கு தாள்களில் திசை மாறியது. முதல் தாள், கிளட்ச் மாற்றியதற்கு. மூன்று வாரம் கழித்துப் பெட்ரோல் பம்ப். அதற்கு அடுத்த மாதம் ரிலே. இரண்டு மாதம் கழித்து, வேறொரு பட்டறையிலிருந்து, பழைய என்ஜின் கம்ப்யூட்டர் ஒன்று. அதன்பின் ஒரு தாளும் இல்லை.

கோப்பை மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். ஓடாத கார்களில் மூன்று வகை உண்டு என்பது என் எண்ணம். சாலையில் போய்க்கொண்டிருக்கும்போதே செத்த கார் ஒரு வகை. அதில் ஏதோ உடைந்திருக்கிறது. வாழ்க்கை மாறியதால், குழந்தை பிறந்ததால், முதுகுவலி வந்ததால் ஓரமாக நிறுத்தப்பட்ட கார் இன்னொன்று. அதில் உடைந்தது ஒன்றுமில்லை, காய்ந்துபோனது நிறைய. மூன்றாவது, ரிப்பேருக்குப் போன இடத்திலிருந்து திரும்பி வராத கார். மக்கள் கடைசி வகைக்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். மூன்று மெக்கானிக் தோற்ற காரில் ஏதோ பெரிய வியாதி இருக்கும் என்று நினைக்கிறார்கள். எனக்குத் தலைகீழாகத் தோன்றுகிறது. ஓடிக்கொண்டிருந்த கார் ரிப்பேருக்குப் பிறகு ஓடவில்லை என்றால் கோளாறு அந்த ரிப்பேருக்குள்தான் இருக்க வேண்டும். எங்கே கை வைத்தார்கள் என்பது ரசீதிலேயே எழுதியிருக்கிறது.

கிளட்ச் மாற்றுவது பல கார்களில் ஒரு நாள் வேலை. 944-இல் அது சின்னக் கல்யாணம். எடையை முன்னும் பின்னும் ஏறக்குறையச் சமமாகப் பிரிப்பதற்காக என்ஜினை முன்னாலும் கியர்பாக்ஸைப் பின் அச்சிலும் வைத்து, நடுவே ஒரு நீண்ட குழாய்க்குள் மெல்லிய தண்டை ஓடவிட்டிருக்கிறார்கள். கிளட்ச் இருப்பதோ என்ஜினை ஒட்டி முன்னால். அதைத் தொட வேண்டுமானால் சைலன்சர் குழாய்களை இறக்கி, கியர்பாக்ஸை இறக்கி, நடுக்குழாயைப் பின்னால் நகர்த்தி, கடைசியாகக் கிளட்சைச் சுற்றியுள்ள உறையைக் கழற்ற வேண்டும். காரோடு வந்த அசல் கிளட்ச் தட்டின் நடுவில் ரப்பர் உண்டு, வயதானால் அது பொடிந்து உதிரும். பெரியவருடைய காரில் அதுதான் நடந்திருக்கிறது என்று ரசீதில் தெரிந்தது. வேலை தேவையான வேலைதான்.

அந்த உறையின் தலையில் இரண்டு சென்சார்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். ஒன்று, என்ஜினோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலின் 132 பற்களையும் எண்ணும். என்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது அது. மற்றொன்று ஃப்ளைவீலில் துருத்திக்கொண்டிருக்கும் ஒரே ஒரு திருகைச் சுற்றுக்கு ஒருமுறை பார்த்து, பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று சொல்லும். இரண்டும் அச்சாக ஒரே மாதிரி. இரண்டின் ஒயர்களை இணைக்கும் பிளக்குகளும் ஒரே மாதிரி. என்ஜினுக்குப் பின்னால், கை நுழைந்தால் கண் நுழையாத இடத்தில் அவை இணைகின்றன. இதை வடிவமைத்தவருக்கு நல்ல மனம் இருந்திருக்கலாம், நீளமான விரல்களும் இருந்திருக்கும்.

ஊகம் பிறந்துவிட்டது என்பதற்காக உடனே போய்ச் சாவியைத் திருப்பவில்லை. முந்தைய 'டக்' காதில் இருந்தது. முதலில் டைமிங் பெல்ட். 944-இல் இரண்டு பெல்ட்டுகள் உண்டு. ஒன்று, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டையும் தண்ணீர் பம்ப்பையும் ஓட்டும். இன்னொன்று சமநிலைத் தண்டுகளுக்கு. 2.5 லிட்டரை நான்கே சிலிண்டரில் வைத்தால் என்ஜின் குலுங்கும். அதைத் தணிக்க, கிராங்க்கைவிட இரண்டு மடங்கு வேகத்தில் எதிரெதிராகச் சுழலும் இரண்டு தண்டுகளை வைத்தார்கள். அந்த உத்திக்கான காப்புரிமை மிட்சுபிஷியிடம் இருந்ததால் போர்ஷே உரிமம் வாங்கித்தான் பயன்படுத்தியது. அந்தப் பெல்ட்டை ஒரு பல் தவறி மாட்டினால் என்ஜின் ஓடும், ஆனால் மாவு மில்லில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். என் ஆண்டு மாடலில் இழுவிசையைத் தானாகச் சரிசெய்யும் ஸ்பிரிங் இல்லை. அளக்கத் தனிக் கருவி வேண்டும். இரவல் வாங்கினேன். இரண்டு பெல்ட், உருளைகள், தண்ணீர் பம்ப் எல்லாம் புதிது. கழற்றிய பெல்ட்டை வளைத்துப் பார்த்தபோது ஒவ்வொரு பல்லின் அடியிலும் மயிரிழை வெடிப்பு இருந்தது. சாவியைத் திருப்பியிருந்தால் எத்தனை சுற்று தாங்கியிருக்குமோ.

அடுத்தது பெட்ரோல். டேங்கிலிருந்து வடித்தெடுத்த திரவம் தேநீர் நிறத்தில் இருந்தது, பழைய வார்னிஷ் டப்பாவைத் திறந்த வாடை. என்ஜினின் மேல் ஓடும் பெட்ரோல் குழாய்களைத் தயவு தாட்சண்யம் பார்க்காமல் மாற்ற வேண்டும். இந்தக் கார் தீப்பிடித்த கதைகளில் பெரும்பாலும் அந்த ரப்பர்தான் வில்லன். இன்ஜெக்டர்கள் நான்கையும் சுத்தம் செய்யக் கொடுத்து வாங்கினேன். இதற்கிடையே செலவு, கார் வாங்கிய விலையைத் தாண்டிவிட்டது. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு யோசிக்கிறவன் நான் இல்லை என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன். அங்குசமே யானை விலையா என்று பதில் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாம் தயாரானதும் புதிய பாட்டரியோடு சாவியைத் திருப்பினேன். என்ஜின் சுழன்றது, ஒழுங்கான, கனமான சுழற்சி. பற்றவில்லை. என் கண், என்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் டகோமீட்டரின் மேலேயே இருந்தது. ஸ்டார்ட்டர் சுழற்றும்போது இந்தக் காரின் டகோமீட்டர் முள் லேசாகத் துடிக்க வேண்டும். துடிக்காவிட்டால் கம்ப்யூட்டருக்கு என்ஜின் சுற்றுவதே தெரியவில்லை என்று அர்த்தம். முள் செத்துக் கிடந்தது.

ரிலேயும் சந்தேகத்துக்கு உரியதுதான். இந்த மாடலில் கம்ப்யூட்டருக்கும் பெட்ரோல் பம்ப்புக்கும் மின்சாரம் கொடுக்கும் ரிலேக்குள் ஈயப் பற்றுகள் வெடித்துக் காரை நடுவழியில் நிறுத்துவது வழக்கம். அனுபவப்பட்டவர்கள் ஓர் உபரி ரிலேயைக் காருக்குள்ளேயே வைத்திருப்பார்கள். ரிலேயை எடுத்துவிட்டு ஒயரால் நேரடியாக இணைத்துப் பார்த்தேன். பம்ப் முனகியது. முள் அசையவில்லை. ஆக, ரிலே குற்றவாளி அல்ல.

கைவிளக்கை வாயில் கவ்விக்கொண்டு என்ஜினுக்குப் பின்னால் கையை விட்டேன். விரல் நுனியில் இரண்டு பிளக்குகள் தட்டுப்பட்டன. தடவித் தடவி மேலே இழுத்து, துணியால் துடைத்தேன். எட்டு வருட எண்ணெய்ப் பிசுக்கின் அடியிலிருந்து ஒயர்களில் இருந்த சின்ன அடையாளங்கள் வெளியே வந்தன. ஒன்றில் 'டிஜி', இன்னொன்றில் 'பிஜி'. வேகம் சொல்வது, இடம் சொல்வது என்பதற்கான ஜெர்மன் சொற்களின் சுருக்கம். டிஜி ஒயரைப் பிடித்தபடி, அதே பிளக்கின் எதிர்ப்பக்கத்திலிருந்து சென்சாருக்குப் போகும் ஒயரை மறுகையால் மெல்லச் சுண்டினேன். ஆடியது எந்த சென்சார் என்று சின்னக் கண்ணாடியில் பார்த்தேன். தவறான சென்சார். நம்ப முடியாமல் இன்னொரு முறை சுண்டினேன். அதே சென்சார்தான் ஆடியது.

பிளக்குகளை மாற்றி மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். சுற்றுக்கு 132 துடிப்பு வர வேண்டிய இடத்தில் ஒரே ஒரு துடிப்பு வந்திருக்கிறது. வேகக் கணக்கு சரியாக வராவிட்டால் அந்தக் கம்ப்யூட்டர் பெட்ரோல் பம்ப்பையும் ஓட விடாது. விபத்தில் என்ஜின் நின்றுபோனால் பம்ப் பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ஒரு பட்டறையில் பம்ப் ஓடவில்லை என்று பார்த்திருக்கிறார்கள், புதுப் பம்ப் போட்டிருக்கிறார்கள். அதுவும் ஓடாததால் ரிலே. அடுத்த பட்டறையில் கம்ப்யூட்டர். நான்கு ரசீதுகளும் ஒவ்வொன்றாக அர்த்தம் ஆயின. கிளட்ச் மாற்றியவர் மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. இரண்டு மூன்று நாள் காருக்கு அடியில் கிடந்தவர், கடைசி இணைப்பைக் கண்ணால் பார்க்காமல் கையால் மாட்டியிருப்பார். நானாக இருந்தாலும் பாதிக்குப் பாதி வாய்ப்புதான். ஆனால் அவருக்குப் பின் வந்தவர்கள், முந்தைய ரசீதை ஒருமுறை கேட்டிருக்கலாம்.

மாற்றி மாட்டினேன். சாவியைத் திருப்பியதும் முள் துடித்தது. அந்த அரை நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு முறை இருமி, மூன்றாவது முறை பற்றிக்கொண்டது. நீல நிறப் புகையும், சைலன்சருக்குள் ஏதோ எலி கட்டியிருந்த கூட்டின் பஞ்சும் வெளியே வந்தன. கொஞ்ச நேரம் ஓடவிட்டேன். வால்வுகளின் சலசலப்பு எண்ணெய் ஏற ஏற அடங்கியது. ஒரு கண்ணைப் பெட்ரோல் குழாய் இணைப்புகளின் மேலேயே வைத்திருந்தேன், தீயணைப்பான் காலடியில் இருந்தது.

கார் நின்றதற்கான காரணத்தைச் சரிசெய்ய எனக்குக் காசு எதுவும் ஆகவில்லை. நின்றுகொண்டே இருந்ததற்குத்தான் ஆகியிருக்கிறது. பெல்ட்டுகள், குழாய்கள், பாட்டரி, டயர்கள், டேங்க் சுத்தம், பாட்டரித் தட்டுக்கு ஒட்டு. கிளட்சுக்கு எண்ணெய் தள்ளும் சிலிண்டரும் கசிகிறது, மிதித்தால் கால் தரையோடு போய்விடுகிறது. எட்டு வருடம் முன்பு யாராவது கையை விட்டு இரண்டு பிளக்குகளை இடம் மாற்றியிருந்தால் இதில் பாதி செலவு வந்திருக்காது. எனக்குக் காரும் கிடைத்திருக்காது.

சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டுப் பெரியவருக்குப் போன் செய்தேன். சொன்னால் அவர் மனம் வருந்தும், சொல்லாமல் விட்டால் எனக்கு உறுத்தும். என்ஜின் ஓடுகிறது என்றேன். காரணத்தையும் சொன்னேன். மறுபக்கம் வெகு நேரம் சத்தமே இல்லை.

"ரெண்டு பிளக்கா?" என்றார்.

"ஆமாம் சார்."

"அந்தக் கிளட்சுக்கு நான் கொடுத்த காசு உங்களுக்குத் தெரியும், ரசீது உங்களிடம்தான் இருக்கிறது. ஒரு நாள்கூட மிதித்து ஓட்டியதில்லை தம்பி."

"பிரேக் வேலை முடியட்டும் சார், கொண்டுவருகிறேன். நீங்களே ஓட்டிப் பாருங்கள்."

"எப்போது முடியும்?"

அதற்குச் சரியான பதில் சொல்ல முடியவில்லை. மூன்று சக்கரங்களின் கேலிப்பர்கள், அதாவது பிரேக் கட்டைகளை அழுத்திப் பிடிக்கும் பாகங்கள், சுத்தமாகிவிட்டன. இடது பின்பக்கத்துக் கேலிப்பர், வின்ச்சோடு மல்லுக்கட்டிய அதே சக்கரத்தினுடையது, என் மேசை மேல் பழைய செய்தித்தாளில் இருக்கிறது. பிஸ்டன் இறுகிக் கிடக்கிறது. நேற்று இரவு துருவை இளக்கும் எண்ணெய் விட்டிருக்கிறேன்.